அபு ராஷித்தின் கல்வீட்டுக்குப் போகும் வழி

இந்த நாட்டில் யாரிடமாவது வழி கேட்டால் வாயால் சொல்லமாட்டார்கள். "லொகேஷன் அனுப்புறேன்" என்பார்கள். பிறந்தநாள் விழாவோ, பல் டாக்டரோ, பழைய சோபா விற்பவரின் வீடோ, எதுவானாலும் போனில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து விழும். அதன் பின்னாலேயே போக வேண்டியதுதான். திருச்சியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது பழகவே நாளானது. எங்கள் ஊரில் தெப்பக்குளத்துப் பக்கம் ஒருவரை நிறுத்தி வழி கேட்டால், தெரியாவிட்டாலும் தெரியாது என்று சொல்லமாட்டார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுவார். இருவரும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தகராறு செய்வார்கள். நாம் யார் வீட்டுக்குப் போகிறோம், அங்கே என்ன விசேஷம், மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்பது வரை விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் அனுப்பிவைப்பார்கள். இங்கே யாரும் எதையும் விசாரிப்பதில்லை. ஆரம்பத்தில் அது நிம்மதியாக இருந்தது. அப்புறம் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

ஆனால் நாங்கள் இருக்கும் புஜைராவின் மலைகளுக்குள் ஒரு கல்வீடு இருக்கிறது. அந்தச் சிவப்புப் புள்ளி அதனிடம் மட்டும் தோற்றுப்போகும். லொகேஷன் போட்டுப் போனால் மலைக்கு அந்தப் பக்கம், வீடே இல்லாத ஒரு பள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று கூசாமல் சொல்லும். அதனால் பர் துபாயிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் தோழிகள் என்னிடம்தான் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. இனி எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வழி சொல்லும் சாக்கில் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுவேன். திருச்சிக்காரியிடம் வழி கேட்டால் அப்படித்தான்.

முதலில், குளிர்காலத்தில் மட்டும் போங்கள். வெயில் காலத்தில் அந்தக் கற்களின் மேல் கை வைக்க முடியாது. மலைப்பக்கம் மேகம் தெரிந்தாலும் போகாதீர்கள். எங்கோ மேலே பெய்கிற மழை, வறண்டு கிடக்கும் வாதியில், அதாவது மலையோடையில், நினைத்துப்பார்க்காத நேரத்தில் வெள்ளமாக இறங்கிவிடும். துபாயிலிருந்து வருகிறவர்கள் புஜைரா ஊருக்குள் நுழைவதற்கு முன்பே மலைப்பக்கம் பிரியும் சிறிய சாலையில் திரும்ப வேண்டும். ஒரு பள்ளிவாசல் வரும். அதற்கடுத்து ஒரு மலையாளி வைத்திருக்கும் கிரோசரி. அங்கே கரக் டீ குடித்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் கடை கிடையாது. தார் ரோடு முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டுக் கூழாங்கல் ஓடையிலேயே நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் அரளி பூத்துக் கிடக்கும். சாமிக்குப் பறிக்கிற அதே இளஞ்சிவப்பு அரளிதான். முதல் தடவை பார்த்தபோது, பூஜைக்கு ஆகுமே என்று என் கை தானாக நீண்டது. ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில், தண்ணீர் இருக்கிற பக்கம் அழகாக இருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். வறண்ட பக்கம்தான் நம் வழி. அங்கிருந்து ஏற்றம். கல்லின் மேல் கல் அடுக்கிச் சின்னச் சின்னக் குவியல்களாக வைத்திருப்பார்கள். அதுதான் அடையாளம். ஒரு குவியலின் பக்கத்தில் நின்றால் அடுத்தது கண்ணில் படும். பட்டால் நடங்கள், படாவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். கடைசி ஏற்றத்தில் படிகட்டிய சின்ன வயல்கள் வரும். இப்போது அங்கே ஒன்றும் விளைவதில்லை. அதற்கு மேலே, மலையோடு மலையாக ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் வீடு.

வீடு அபு ராஷித்துடையது. ராஷித்தின் அப்பா என்று பொருள். அவருடைய சொந்தப் பெயர் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியாது. அவர் பிறந்தது அந்த வீட்டில்தான். இப்போது கீழே ஏசி போட்ட பெரிய வீட்டில் பேரன் பேத்திகளோடு இருக்கிறார். ஆனால் குளிர்காலத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிகாலையில் மேலே ஏறி வந்து, கதவைத் திறந்து, பாய் விரித்து, அடுப்பு மூட்டிவிடுவார். மலையேறி வருகிற யாராக இருந்தாலும் உள்ளே வந்து உட்காரலாம். பேரீச்சம்பழமும் கஹ்வா என்கிற அரபுக் காப்பியும் கிடைக்கும். ஒருமுறை ஒரு ஜெர்மன் அம்மாள் வந்திருந்தார். தங்கள் ஆல்ப்ஸ் மலையிலும் இப்படி வீடுகள் உண்டு, அவற்றை ஹட் என்போம், ராத்திரி தங்கப் படுக்கையும் சுடச்சுட சூப்பும் கிடைக்கும் என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி புரிந்துகொண்ட அபு ராஷித், வந்தவர் சூப் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். "சூப் மாஃபி", சூப் இல்லை என்று உண்மையான வருத்தத்தோடு கையை விரித்தார். அடுத்த வாரமே கீழேயிருந்து ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய சூப் கொண்டுவந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த அம்மாள் அதற்குள் ஜெர்மனிக்கே போய்விட்டிருந்தார். சூப்பை நாங்கள் குடித்தோம்.

எங்களையும் அவர் இப்படித்தான் பாதிப்பாதியாகப் புரிந்துகொண்டிருந்தார். முதல் தடவை நான் தயிர்சாத டப்பாவைத் திறந்தபோது எட்டிப் பார்த்துவிட்டுக் கவலையோடு, "கோன் பீமார்?" என்று கேட்டார். யாருக்கு உடம்பு சரியில்லை என்கிறார். சோற்றைத் தயிரில் குழைத்துத் தின்பது அவர் கணக்கில் நோயாளிகளின் சாப்பாடு. என் கணவர் செந்தில், தமக்குத் தெரிந்த கொச்சை ஹிந்தியில், நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே இதைத்தான் சாப்பிடுவோம் என்று விளக்கினார். அபு ராஷித் தலையாட்டினார். ஆனால் அதற்குப் பிறகும் நான் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் என் மகள் யாழினியின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதை அவர் விடவில்லை.

நாங்கள் மூவரும் ஏறுகிற வரிசை என்றைக்கும் மாறியதில்லை. செந்தில் எல்லோருக்கும் முன்னால், "யல்லா, யல்லா" என்று எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே போவார். யாழினி நடுவில். நான் கடைசியில். அப்போது செந்தில் புஜைரா துறைமுகத்து எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினீயர். வாரம் முழுக்க டாங்கிகளின் மேல் ஏறி இறங்கி அவருக்குக் கால் பழகியிருந்தது. இந்தியப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சரான எனக்கு, ஏறிப் பழகிய ஒரே மலை எங்கள் உச்சிப் பிள்ளையார் இருக்கிற மலைதான். அங்கே படிக்கட்டு உண்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, செருப்பைக் கீழேயே டோக்கன் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். இங்கே கம்பிக்குப் பதில் முள்மரம்தான் கைக்கு வரும்.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. செந்தில் வேலை பார்த்த கிடங்கின் காண்ட்ராக்ட் முடிகிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கத்தாரில் ராஸ் லஃபானில் வேலை கிடைத்திருந்தது, நல்ல வேலை. ஆனால் பேச்சலர் ஸ்டேட்டஸ். கல்ஃபில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணமாகிப் பதினாறு வருஷமானாலும், குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள அனுமதி இல்லாத வேலைக்குப் போனால் நீங்கள் பேச்சலர்தான். அவருடைய விசா ரத்தானால் அவர் பெயரில் இருக்கிற என் விசாவும் யாழினியின் விசாவும் சேர்ந்தே போய்விடும். ஆக, அவர் தோஹாவுக்கு, நாங்கள் திருச்சிக்கு. எல்லோரும் செய்வதுதான். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். திருச்சியில் மாமனார் மாடிப் போர்ஷனுக்கு வெள்ளையடிக்க ஆளே சொல்லிவிட்டார்.

யாழினி மட்டும்தான் வாய்விட்டுப் பேசினாள். பதின்மூன்று வயது, இங்கேயே பிறந்தவள். "அம்மா, எவ்ரிபடி கீப்ஸ் சேயிங் ரிட்டர்ன், ரிட்டர்ன். நான் அங்கேருந்து வரவே இல்லையே. அப்புறம் எப்படி ரிட்டர்ன் ஆக முடியும்?" என்றாள். எனக்கே அந்தக் கேள்வி வேறு மாதிரி இருந்தது. நான் அங்கேயிருந்து வந்தவள்தான். ஆனால் பதினைந்து வருஷம் முன்னால் வந்தவள் இப்போது எங்கே என்று தேடினால் கிடைக்கமாட்டாள். திருச்சி எனக்குப் பிடிக்காமல் இல்லை. லீவுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் பொன்மலைப் பக்கம் ரயில் வேகம் குறையும்போது நான் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுவிடுவேன். ஆனால் லீவு என்பது திரும்பி வருவதற்கு டிக்கெட் இருக்கிற சந்தோஷம். அது இல்லாமல் நான் திருச்சியை நினைத்துப் பார்த்ததே இல்லை.

அன்று மேலே ஏறியபோது கூட்டம் அதிகமாக இருந்தது. துபாயிலிருந்து ஒரு பெரிய குழு வந்திருந்தது. வழக்கம்போல நாங்கள் வாசலிலேயே ஷூவைக் கழற்றினோம். வழக்கம்போல அபு ராஷித் உள்ளேயிருந்து கையை ஆட்டினார். "பர்ரா மாஃபி! அந்தர், அந்தர்!" வெளியே வேண்டாம், உள்ளே கொண்டு வாருங்கள் என்று பொருள். இதை அவர் முதல் நாளிலிருந்து சொல்லிவந்தார். நாங்கள் முதல் நாளிலிருந்து சிரித்துக்கொண்டே மறுத்துவந்தோம். நம் வீடுகளில், "பரவால்ல, செருப்போடயே வாங்க" என்று சொல்வோம் இல்லையா? சொல்வதுதான் மரியாதை, கேட்காமல் இருப்பதுதான் அதைவிடப் பெரிய மரியாதை. சொன்னார்களே என்று உண்மையாகவே செருப்போடு உள்ளே வந்த ஒருவரை என் அம்மா இன்னும் மறக்கவில்லை. அபு ராஷித்தும் அப்படித்தான் உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். சாப்பிடுகிற பாய்க்குப் பக்கத்தில் ஷூவைக் கொண்டுபோய் வைப்பதாவது! வெள்ளைக்காரர்கள் எல்லாம் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுவரோரம் அடுக்குவார்கள். எங்கள் மூன்று ஜோடி மட்டும் வாசலில் பணிவாக உட்கார்ந்திருக்கும்.

கஹ்வா குடித்து, யாழினியின் நெற்றிக்குப் பரிசோதனை முடிந்து வெளியே வந்தால், செந்திலின் வலது கால் ஷூ இல்லை. இடது கால் ஷூவின் நாடா இருந்த இடத்தில் ஈரமாக நாலு நூல். படிவயலின் ஓரத்தில் ஓர் ஆடு எங்களைப் பார்த்துக்கொண்டே மென்றுகொண்டிருந்தது. தேடியதில் ஷூ கிடைத்தது, ஆனால் கண்ணுக்குத்தான். ஆள் இறங்க முடியாத பள்ளத்தில் ஒரு பாறையின் மேல் மல்லாந்து கிடந்தது. அபு ராஷித் தலையில் அடித்துக்கொண்டார். ஆட்டுக்காகத்தான் உள்ளே கொண்டுவரச் சொன்னேன் என்று அரபியும் ஹிந்தியுமாகக் கொட்டித் தீர்த்தார். இத்தனை நாளும் நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அவரே எங்கள் ஷூக்களை எடுத்து உள்ளே கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, நாங்கள் கிளம்புவதற்கு முன்னால் திரும்ப வாசலில் வைத்திருக்கிறார். ஏன் திரும்ப வைத்தீர்கள் என்று செந்தில் கேட்டார். அதுதான் உங்கள் மார்க்கத்து வழக்கமோ என்று நினைத்தேன், அதைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டேன் என்றார். அன்று கூட்டத்தில் அவருக்குக் கை ஒழியவில்லை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான். செந்தில் முறைத்தார். துபாய் மீனா பஜாரில் ஒரு மணி நேரம் பேரம் பேசி வாங்கிய ஷூ அது. அபு ராஷித் தம்முடைய பழைய ரப்பர் செருப்பைக் கொடுத்தார். செந்திலின் குதிகால் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் போட்டுக்கொண்டு அந்தச் சரளைக்கல் இறக்கத்தில் இறங்க வேண்டும்.

அபு ராஷித் கீழே இறங்கும் நேரம் ஆகிவிட்டதால் யாழினியை துபாய்க் குழுவில் வந்திருந்த பெண்களோடு சேர்த்துத் தாமும் முன்னால் நடந்தார். நாங்கள் பின்தங்கினோம். முதல் வளைவிலேயே செந்திலுக்குச் செருப்பு வழுக்கியது. "கீதா, கொஞ்சம் நில்லு" என்றார். மலையில் அவர் என்னிடம் நில்லு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் முன்னால் போனேன். அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். பாறைகளுக்கு நடுவே வழி இரண்டாகப் பிரிகிற ஓர் இடத்தில் நான் யோசிக்காமல் இடது பக்கம் திரும்பினேன்.

"இந்தப் பக்கம்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் கடைசியா வர்றவ நான்தானேங்க. நீங்க உச்சியைப் பாத்துக்கிட்டே போவீங்க. நான் கல்லைப் பாத்துக்கிட்டே வருவேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு, "மாடியில தண்ணி மோட்டார் மாத்திடறேன்னு அப்பா சொன்னாரு" என்று ஆரம்பித்தார். நான் நின்றேன். முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்று தெரிந்ததால் ஓடையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நாங்க திருச்சிக்குப் போகலைங்க."

"பின்ன? நான் கத்தாருக்குப் போக வேணாங்கறியா?"

"நீங்க போங்க. நாங்க இங்கயே இருக்கோம். பிரின்சிபல் கிட்ட பேசிட்டேன். ஸ்கூல்லயே எனக்கு விசா எடுப்பாங்க. யாழினியை என் விசாவுல சேத்துக்கலாம். நீங்க சம்மதம்னு எழுதிக் குடுக்கணும், அவ்வளவுதான்."

என் தோளிலிருந்து கை போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். கோபம் என்று நினைத்தேன். கோபமில்லை, அவருக்கு வலித்துவிட்டது. "எல்லாரும் ஊர்ல குடும்பத்தை வச்சுட்டு கல்ஃபுக்கு வருவாங்க. நீ என்னடான்னா கல்ஃப்ல குடும்பத்தை வச்சுட்டு கல்ஃபுக்குப் போகச் சொல்ற" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை. "அப்ப லீவுன்னா நான் எங்க வர்றது?"

"இங்கதான் வரணும். ஒரு மணி நேர ஃபிளைட்டு. திருச்சிக்கு எத்தனை தடவை வந்துட முடியும் உங்களால?"

"தனியா எப்படி இருப்ப? ஊர்னா சுத்தி ஆளுங்க இருக்காங்க, பாத்துப்பாங்க."

"அதான் பயமா இருக்கு" என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது. "அங்க போனா நான் கல்ஃப்காரர் பொண்டாட்டி. எல்லாரும் என்னைப் பாத்துப்பாங்க. நீங்க எப்ப வருவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. இங்க நான் கீதா டீச்சர். எனக்கு இந்த ஊர்ல வழி தெரியும். யாழினிக்கும் வேற வழி தெரியாது."

அவர் எழுந்தார். மறுபடி என் தோளில் கையை வைத்தார். அப்படியே ஓடையில் இறங்கி அரளிகளைத் தாண்டினோம். கிரோசரியில் யாழினி எங்களுக்காகக் காத்திருந்தாள். செந்தில் மூன்று கரக் டீ வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "சனிக்கிழமை மலைக்கு வர்றதுக்கு யார் வண்டி ஓட்டுவாங்க? முதல்ல நீ லைசென்ஸ் எடு." நான் அழுதுவிட்டேன். டீ சூடு என்று யாழினியிடம் சொன்னேன்.

அவர் போனார். நான் லைசென்ஸ் எடுத்தேன். எத்தனையாவது டெஸ்டில் என்று மட்டும் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே சின்ன ஃபிளாட்டுக்கு மாறினோம். திருச்சியில் மாமனார் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு மோட்டார் மாற்றியதைச் சொல்வதற்காகக் கூப்பிட்டார். ராஸ் லஃபான் கேம்பில் செந்திலின் ரூமில் அறந்தாங்கிக்காரர் ஒருவர் இருக்கிறார், முருகேசன் என்று பெயர். செந்தில் முதல் லீவுக்குப் பெட்டி கட்டியபோது, "ஊருக்கா அண்ணே?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டு துபாய் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாராம். "அது நாம பொழைக்கப் போற எடம்ணே, அதைப் போய் ஊருங்கிறீங்க?" என்று முருகேசன் சிரித்திருக்கிறார். இதைப் போனில் சொல்லும்போது செந்திலும் சிரித்தார். எனக்குத்தான் அவர் தனியாக அங்கே உட்கார்ந்து சிரிப்பது தாங்கவில்லை. நான் எடுத்த முடிவு சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கும்போது, சரியான முடிவும் வலிக்கத்தான் செய்கிறது.

இந்த வருஷம் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மூவரும் திருச்சி போனோம். அவருக்கு லீவில் சில நாட்கள் மிச்சமிருந்தன. அதை எங்களோடு புஜைராவில் கழித்துவிட்டு, சனிக்கிழமை அபு ராஷித் வீட்டுக்கும் போய்விட்டு தோஹா கிளம்புவதாகத் திட்டம். அவருக்கு விசிட் விசா நான்தான் என் பெயரில் எடுத்திருந்தேன். மூவரும் ஒரே விமானத்தில், ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே டப்பாவிலிருந்து முறுக்கு தின்றுகொண்டு துபாய் வந்து இறங்கினோம். இமிக்ரேஷன் வந்ததும் வழி பிரிந்தது. இங்கே குடியிருப்பவர்களுக்கு ஒரு பக்கம், வந்துபோகிறவர்களுக்கு இன்னொரு பக்கம். நானும் யாழினியும் கேமராவைப் பார்த்ததும் முகம் கண்டு கதவு திறந்துகொண்டது. அவர் அந்தப் பக்கம், சுற்றுலாக்காரர்களின் நீண்ட வரிசையில், எங்கள் மூவரின் முறுக்கு டப்பாவோடு நின்றார்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் முதன்முதலாக வந்தபோது, அவர் எடுத்த விசாவின் நகலைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு நான் அந்த மாதிரி வரிசையில்தான் நின்றேன். வெளியே அவர் இருக்கிறார் என்கிற ஒரே தைரியத்தில் நின்றேன். இப்போது நாங்கள் இந்தப் பக்கம் பெட்டிகளோடு காத்திருந்தோம். அவர் முறை வந்தது. கந்தூரா என்கிற வெள்ளை அரபு அங்கி போட்ட இளம் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே ஏதோ கேட்டார். யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம், செந்தில் பிறகு எங்களிடம் சொன்னார். அந்தக் கேள்விக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. திரும்பி எங்களை நோக்கிக் கையை நீட்டினார். அதிகாரி நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். யாழினி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். நானும் கையைத் தூக்கினேன், ஆமாம், எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார், உள்ளே விடுங்கள் என்று.